கூண்டு சிறிது, கருத்துப் பெரிது!

மீஞ்சூரில் ஆசிரியப் பணியாற்றும் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. ஸ்ரீஅரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் நம் மாணவர்கள் வடக்கு வானை நோக்கி நிற்பார்கள். புகைக்கோடு மறையும்வரை அசைய மாட்டார்கள். அன்றிரவு வீட்டுத் தொலைக்காட்சி அவர்களுக்குத் தருவதென்ன? பழிவாங்கும் பாம்பு, பரிகாரம் கூறும் சாமியார்! பகலில் விண்ணளந்த சிந்தை, இரவில் புற்றுக்குள் புகுகிறது.

ஏனென்று கேட்டால், "அறிவியல் தொடருக்குக் கோடி கோடியாய்ப் பணம் வேண்டுமே" என்கின்றனர். உண்மைதானா? 'டாக்டர் ஹூ' எனும் ஆங்கிலத் தொடர் பிறந்த கதை வேறு விடை கூறுகிறது.

1963ஆம் ஆண்டு. பி.பி.சி. நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன், சனிக்கிழமை மாலையில் குடும்பத்தோடு காணத்தக்க தொடரொன்றை விரும்பினார். பொறுப்பு யாரிடம் சென்றது? தயாரிப்பாளர், 27 வயது வெரிட்டி லாம்பர்ட் எனும் பெண். முதற்கதையின் இயக்குநர், லக்னோவில் பிறந்த 24 வயது வாரிஸ் உசேன். ஆண்களே ஆண்ட துறையில் ஒரு பெண்; வெள்ளையரே நிறைந்த கூடத்தில் ஓர் இந்தியர்!

கிடைத்ததோ லைம் குரோவ் எனுமிடத்தில் இடுக்கமான, பழைய படப்பிடிப்புக் கூடம். முதலில் எடுத்த படத்தை நியூமன் ஏற்கவில்லை. சோர்ந்தனரா? இல்லை, மீண்டும் எடுத்தனர். கென்னடி கொலையுண்ட மறுநாள், 23 நவம்பர் 1963 அன்று, முதற்பகுதி வெளிவந்தது. துயரச் செய்தியில் அது மூழ்கிப் போகவே, மறுவாரமும் அதையே ஒளிபரப்பினர்.

காலத்தைக் கடக்கும் ஊர்தி, வெளித் தோற்றத்தில் தெருவோரக் காவலர் தொலைபேசிக் கூண்டு. உள்ளே விரிந்த மண்டபம். பணத்தின் குறையைக் கற்பனை வென்றது! பயணிகளில் இருவர் பள்ளி ஆசிரியர்கள்: வரலாறு கற்பிக்கும் பார்பரா, அறிவியல் கற்பிக்கும் இயான். கடந்த காலம் வரலாற்றைக் கற்பிக்க, எதிர்காலம் அறிவியலை விளக்க என்பதே தொடக்கத் திட்டம்.

விகார உருவப் பூதங்கள் வேண்டாமென்றார் நியூமன். லாம்பர்ட்டோ 'டாலெக்' கதையை விட்டுக்கொடுக்கவில்லை. அணுப்போரில் உருச்சிதைந்து, உலோகக் கூட்டுக்குள் ஒடுங்கி, தம்மைப் போலல்லாத எவரையும் அழிக்கத் துடிக்கும் இனம் அது. பிறப்பால் உயர்ந்தோம் எனும் வெறி இறுதியில் எங்கே கொண்டு சேர்க்குமென்பதற்கு இதனினும் எளிய பாடமுண்டோ?

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அறிவார்ந்த பார்பராவை அடிக்கடி அலற வைத்தனர். 1964இல் வந்த 'மார்க்கோ போலோ' கதையை உசேனே பெரும்பாலும் இயக்கியும், கீழைநாட்டார் வேடங்கள் பலவற்றில் வெள்ளையரே சாயம் பூசி நின்றனர். 1967க்குப் பின் அயலுலகத்தார் புகாத வரலாற்றுக் கதை அரிதாயிற்று. ஆசிரியர் பின்வாங்க, அரக்கர் முன்வந்தனர்.

ஆயினும் அடிப்படை நிலைத்தது: அஞ்சாதே, ஆராய், வணங்காதே, வினவு!

தமிழில் முயற்சியே இல்லையா? உண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' சென்னைத் தூரதர்ஷனில் தொடராக வந்தது. விதை விழுந்தது; தோப்பு எங்கே?

தோழர்களே! பணமில்லை என்பது சாக்கு. புதியவரை நம்பும் துணிவில்லை என்பதே உண்மை. பள்ளி மேடையில், ஊர் மன்றத்தில், கையிலுள்ள கருவியில் நாமே தொடங்குவோம். ராக்கெட் பார்த்த கண்களுக்குப் பாம்புப் புற்றைக் காட்டியது போதும்!