பதம் பார்க்கும் கலை

ஈய அணுக்கருக்கள் மோதிய படத்தை முதன்முறை பார்ப்பவருக்கு அது வெறும் நூல் சிக்கல். நடுவில் ஒரு புள்ளி; அங்கிருந்து நாலாபக்கமும் சீறும் வளைகோடுகள். செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் கருவி 2010 நவம்பரில் பதிவுசெய்த முதல் மோதல்களின் படங்கள் எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

ஓர் ஈயக் கருவில் புரோட்டானும் நியூட்ரானுமாக 208. நேருக்கு நேர் மோதும்போது உள்ளே போவது 416. வெளியே வரும் மின்னூட்டத் துகள்களோ 17 ஆயிரத்தை ஒட்டி. பெரும்பாலானவை உடைந்த சில்லுகள் அல்ல. மோதலின் ஆற்றலே பொருளாக உறைந்து, அந்தக் கணத்தில் பிறந்தவை.

அந்தப் பிறப்பைப் பிடித்துவைப்பதில்தான் கைவேலையின் நேர்த்தி. 5 மீட்டர் நீள உருளை, உள்ளே நியான் கலந்த வாயு. துகள் கடந்த வழியெங்கும் எலக்ட்ரான்கள் உதிர்கின்றன. அவை மின்புலத்தில் நகர்ந்து முனைத்தட்டைச் சேரும் இடத்தையும் நேரத்தையும் வைத்தே பாதையைத் திரும்ப வரைகிறார்கள். 2010-ல் ஒரு தடத்துக்கு 159 புள்ளிகள் வரை கிடைத்தன. காந்தப்புலத்தில் நன்றாக வளைந்த கோடு உந்தம் குறைந்த துகளுடையது. நிமிர்ந்து ஓடுவது உந்தம் மிகுந்தது. வழியில் எவ்வளவு எலக்ட்ரான் உதிர்ந்தது என்பதும் சேர்ந்தால், அது பயானா, கேயானா, புரோட்டானா என்பது தெரிந்துவிடும்.

பழகிய கண் தேடுவது கவைகளை. நடுப்புள்ளிக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி, கோடே இல்லாத இடத்தில் திடீரென ஒரு கவை கிளைக்கும். மின்னூட்டமற்ற லாம்டா என்ற துகள் தடமின்றி வந்து, புரோட்டானும் பயானுமாகப் பிரிந்த இடம் அது. ஈயத்தின் புரோட்டான், நியூட்ரான்களை ஆக்கிய குவார்க்குகள் வேறு. லாம்டாவில் இருக்கும் ‘ஸ்ட்ரேஞ்ச்’ குவார்க் மோதலிலேயே உண்டானது. குவார்க்குகள் கட்டவிழ்ந்த குழம்பு உருவானால் இவ்வகைத் துகள்கள் பெருகும் என்று இயற்பியலாளர்கள் ரஃபெல்ஸ்கியும் முல்லரும் 1982-லேயே சொல்லியிருந்தார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். இந்தப் பானைக்கு அது போதாது. பயானில் தொடங்கி ஹீலியத்தின் எதிர்க்கரு வரை வகைவகையாக எண்ண வேண்டும். கருவில் ஒரு துகள் கூடினால் விளைச்சல் ஏறக்குறைய 300-ல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மலிந்ததற்கும் அரியதற்கும் நடுவே நூறு கோடி மடங்கு இடைவெளி. இந்த எண்ணிக்கைகள் அத்தனையும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையைச் சுட்டுகின்றன: 156 மெகா எலக்ட்ரான்வோல்ட், அதாவது சுமார் 1.8 லட்சம் கோடி டிகிரி.

என்னைக் கட்டிப்போடுவது டியூட்டிரான். அதன் புரோட்டானையும் நியூட்ரானையும் பிணைத்திருப்பது வெறும் 2.2 மெகா எலக்ட்ரான்வோல்ட். கொதிக்கும் உலையிலிருந்து பனித்துளி கரையாமல் வந்ததுபோல் அது வெளியே வருகிறது. உலையிலேயே விளைந்ததா, ஆறிய பிறகு அருகருகே பறந்தவை ஒட்டிக்கொண்டனவா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். படத்தில் அது ஒரு கோடுதான். அதே உந்தமுள்ள மற்றக் கோடுகளைவிட அழுத்தமாக விழுந்த கோடு. கண் அதைப் பிடித்துவிட்டால், பிறகு நகர மறுக்கிறது.