கீழே கடை, மேலே யார்?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளின் மாடிகளில் மறுபடி குடித்தனம் வைக்க வேண்டும் என்ற யோசனையை வெளிப்படையாக எதிர்ப்பவர்கள் அநேகமாக இல்லை. கட்டடம் பிழைக்கும், இரவில் தெரு வெறிச்சோடாது, மளிகைக் கடைக்கு வாடிக்கை கிடைக்கும் என்கிறார்கள். மூன்றும் சரி. ஆனால் மாடி ஏன் காலியானது என்று கேட்டால்தான் பதில்கள் தடுமாறுகின்றன.

தொழிலும் வாழ்க்கையும் ஒரே கூரையின்கீழ் நடந்த ஊர் அது. பினாங் தெருவில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளையே எடுத்துக்கொள்ளலாம். தரையில் வரிசையாகப் பெட்டியடிகள், ஒவ்வொன்றும் ஒரு லேவாதேவிக் கடை. பகலெல்லாம் கொடுக்கல் வாங்கல், பொதுச் சமையல், இராத்திரி அதே கட்டடத்தில் பாய் விரிப்பு. சீன வணிகர்களின் வீடுகளில் மாடியில் குடும்பம் இருந்தது. இதை இன்று ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் பலகைத் தடுப்புகளை மறந்துவிடுகிறார்கள். பல மாடிகளில் தடுப்புக்கு ஒரு குடும்பம் நெருக்கியடித்துக் கிடந்தது. அந்த நாட்கள் அப்படியே திரும்பினால் யாருக்கும் நன்மையில்லை.

1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1997இல் அதை ரத்து செய்தார்கள்; 2000 தொடக்கத்தோடு குடியிருந்தோருக்கு இருந்த பாதுகாப்பு முற்றிலும் நீங்கியது. ஊரைக் காலி செய்தது இந்த ரத்துதான் என்பது பாதி உண்மை. சொற்ப வாடகை வாங்கிய உரிமையாளர் ஓடு மாற்றவில்லை, கறையானைக் கவனிக்கவில்லை. குடியிருந்தோரின் பிள்ளைகளில் பலர் லிஃப்டும் கார் நிறுத்த இடமும் உள்ள அடுக்குமாடிகளுக்குத் தாங்களாகவே போனார்கள். ஆனால் இருக்க விரும்பியவர்களும் ஏறிய வாடகையால் வெளியேற வேண்டியதாயிற்று. உண்மையான பாதி அதுதான்.

பிறகு மாடிகளுக்கு வந்த முதல் குடித்தனம் விசித்திரமானது: உழவாரக் குருவிகள். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, பறவை நுழைய ஓட்டை விட்டு, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, கூடுகளை எடுத்து விற்றார்கள். உள்ளே தேங்கிய ஈரம் மரத்தை அரித்தது. மரபு வட்டாரத்திலிருந்து 2013 முடிவதற்குள் இந்தக் குருவி வளர்ப்பிடங்களை அகற்ற மாநில அரசு கெடு வைத்தது. அதற்குள், 2008இல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரத்தின் பின்னே, சிறு ஹோட்டல்கள் வந்துவிட்டன.

குடியிருப்பாக்கம் கஷ்டம் என்பவர்கள் கட்டடத்தைக் காட்டுகிறார்கள். தளம் மரம், கீழே சரக்கு, நடுவில் திறந்த முற்றம். வெளிச்சம் வரும் வழியே புகையும் ஏறும். மாடிக்குத் தனிப்படி வேண்டுமென்றால் அஞ்சடி எனப்படும் முன்நடைபாதைப் பக்கம் கடை முகப்பில் ஒரு துண்டைத் தியாகம் செய்ய வேண்டும். குறுகிய முகப்புள்ள கடைக்கு அதுதான் அதிகம் விற்கும் இடம். எல்லாம் நிஜமான சிக்கல்கள்தான். ஆனாலும் இந்த வாதம் எனக்கு எடுபடவில்லை. குடும்பத்துக்கு ஒரு குளியலறை வைக்க முடியாது என்று சொல்லப்பட்ட அதே வகைக் கட்டடத்தில் ஹோட்டல்காரர் அறைக்கு ஒன்று வைத்திருக்கிறார். மாத வாடகைக்குக் கட்டுபடியாகாத செலவு, நாள் வாடகைக்குக் கட்டுபடியாகிறது. சிக்கல் கொத்தனார் கையில் இல்லை.

ஹோட்டல் பணம்தான் பல கூரைகளைக் காப்பாற்றியது என்ற எதிர்வாதத்தை மறுக்க மாட்டேன். கட்டடம் மட்டும் நின்றால் போதும் என்பவருக்கு விவாதம் அங்கேயே முடிந்துவிடும். ஆட்களும் வேண்டும் என்பவர் ஆர்மீனியன் தெருவைப் பார்க்கலாம். அங்கே சீனக் கோயில் ஒன்றுக்குச் சொந்தமான கடைவீடுகளைச் செப்பனிட்டபோது கோயிலும், குடியிருந்தவர்களும், திங்க் சிட்டி என்ற நகரப் புதுப்பிப்பு நிறுவனமும் செலவைப் பகிர்ந்தன. பழைய குடித்தனக்காரர்கள் பெயர்க்கப்படவில்லை. விற்றுவிட்டுப் போகும் அவசரம் கோயிலுக்கு இல்லை என்பதால்தான் இது நடந்தது. ஊரில் கோயில்களும் வக்ஃபுகளும் சீனக் குலச் சங்கங்களும் வைத்திருக்கும் சொத்து கணிசம்.

ஆகவே, மாடியை வீடாக்குகிறவர் எவராக இருந்தாலும் மானியம் தருவோம் என்ற பொதுத் திட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. பொதுப்பணத்தில் சமையலறை வரும். சில ஆண்டுகளில் அது தங்கும் விடுதியின் காலை உணவறையாகும். மானியம் அறக்கட்டளைச் சொத்துகளில் தொடங்கட்டும், நீண்ட கால வாடகை ஒப்பந்தம் பதிவான பிறகே பணம் போகட்டும். தனியார் உரிமையாளர் அதே ஒப்பந்தத்துக்கு உடன்பட்டால் அவருக்கும் தரலாம். பெரும்பாலோர் உடன்பட மாட்டார்கள். இப்படிக் கிடைக்கும் வீடுகள் கொஞ்சமாகத்தான் இருக்கும். திறப்பு விழாவில் சொல்லிக்கொள்ளும் எண்ணிக்கையாக அது இருக்காது என்பதையும் இந்த யோசனையை ஏற்பவர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும்.