பண்ணைப்புரத்து ஆர்மோனியமும் பாக்கின் வயலினும்

கம்பம் பள்ளத்தாக்கில் நடவு வயலுக்கு ஒரு பாட்டு, துக்க வீட்டுக்கு ஒப்பாரி, சாமி கும்பிடுக்கு உறுமியும் தவிலும் உண்டு. பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் இந்த மெட்டுகளை ஆர்மோனியத்தில் ஏற்றிப் பொதுவுடைமைக் கட்சி மேடைகளுக்குக் கொண்டுபோனார். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில், மலைக்கு அந்தப்பக்கம் தோட்டத் தொழிலாளர் நடுவிலும் பாடினார். அந்தக் குழுவில் வளர்ந்த தம்பி இளையராஜா. கூட்டம் எழுந்து போகக்கூடாது. மேடைப் பாட்டுக்கு அளவுகோல் அவ்வளவுதான்.

1968இல் சென்னை. அங்கே தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை, பின்னர் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை. முதல் படமான 'அன்னக்கிளி' (1976) வந்து பத்தாண்டு கழித்து, படமும் பாட்டு வரியும் இல்லாத 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பம் வெளியானது. தியாகராஜருக்கும் மேலை இசை மேதை பாக்குக்கும் காணிக்கை. தனி வயலின் வி.எஸ். நரசிம்மன்.

இரண்டு பள்ளிகளும் மோதும் இடம் கமகம். ராகத்தில் ஸ்வரம் அசைந்தால்தான் உயிர். பல குரல்கள் ஒரே நேரத்தில் பின்னிச் செல்லும் மேலை முறையிலோ ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கச்சேரிக் காது இந்த ஆல்பத்தில் ஆலாபனையின் விரிவைத் தேடும். மேலை இசை படித்தவர் ஃபியூக் இலக்கணத்தைச் சரிபார்ப்பார். இரண்டு தராசிலும் எடை கொஞ்சம் குறையலாம். ஆனால் அதிலுள்ள 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' கேட்டால் தராசையே மாற்றத் தோன்றும். பாக் துணையின்றித் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டீட்டாவின் பிரெலூட்தான் அதற்கு மூலம். அதன்மேல் கை வைப்பது துணிச்சல். அதிகப்பிரசங்கித்தனம் என்றும் சொல்லலாம். இளையராஜா அதற்குத் தந்திக் கருவிகளால் பதில் சொல்லிக்கொண்டே போகிறார். மூலம் குலையவில்லை, பதிலும் ஒடுங்கவில்லை. கலப்பு இசைக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

இதோடு ஒப்பிட்டால், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு வந்த இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' (1988) இதமானது, எளிதில் வசப்படுவது.

சாதாரண ரசிகருக்கு 'ஹவ் டு நேம் இட்?' வேறு வழியில் வந்து சேர்ந்தது. பாலு மகேந்திரா தன் 'வீடு' படத்துக்குப் பின்னணியாக இந்த ஆல்பத்தையே எடுத்துக்கொண்டார்; ஆல்பத்தின் பெயர் அறியாதவர்களும் அங்கே கேட்டார்கள். எழுத்துலகிலோ பிரேம்–ரமேஷ் 'இளையராஜா: இசையின் தத்துவமும் அழகியலும்' என்று தனி நூலே எழுதினார்கள். ஆல்பத்தில் வயலின் வாசித்த நரசிம்மனோ மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் கர்நாடகக் கீர்த்தனைகளையே எடுத்தார்: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, மெட்டில் கமகம் அப்படியே இருக்க, மற்றக் குரல்கள் மேலை இசைவில் துணைக்கு நடக்கும்.