சிவப்புக் குக்கர்

பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' (2024) படத்தில் என் மனதில் தங்கிவிட்டது ஒரு சிவப்பு ரைஸ் குக்கர். நர்ஸ் பிரபாவுக்கு ஜெர்மனியில் இருக்கும் கணவனிடமிருந்து வெகுநாளாகப் பேச்சில்லை. அனுப்பியவர் பெயரில்லாத பார்சலில் குக்கர் மட்டும் வருகிறது. மும்பையின் ஓர் இரவில், பிரபா தரையில் குந்தி அதை மடியோடு சேர்த்து அணைத்துக்கொள்கிறாள். பிரபாவாக நடிக்கும் கனி குஸ்ருதி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அந்தக் குளிர்ந்த வழவழப்பைச் சுற்றிய கைகளே அத்தனை ஏக்கத்தையும் சொல்லிவிடுகின்றன.

பிரபாவின் அறைத்தோழி அனுவின் காதலுக்கு அந்தப் பெருநகரத்தில் தனியிடம் இல்லை. ரத்னகிரிக் கடலோரத்தில்தான் அவளும் காதலன் ஷியாஸும் நிம்மதியாக மூச்சுவிடுகிறார்கள். கேமரா அவர்களை எட்டிப் பார்க்காமல், பக்கத்தில் அமர்ந்து காத்திருக்கிறது. தோலின்மேல் வெளிச்சம், அவசரமில்லாத தொடுகை. உடலின் ஆசையைக் கூச்சமும் கூச்சலும் இல்லாமல் சொல்ல இந்தப் பொறுமை போதும்.