அவன் ஏன் சுடவில்லை?

நேரலையின் ஓரத்தில் ஒவ்வொரு இரவும் இந்த வரி ஓடுகிறது: "மச்சான் சுடுடா, என்னத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" சற்று நேரத்தில் "பயந்தாங்கொள்ளி" வரும், அதன் பிறகு, ஒளிந்து காத்திருப்பவன் என்ற பொருளில், "காம்பர்" வரும். அந்த வசவு முழுவதும் ஒரே ஆளுக்கு. மட்டக்களப்பு, கல்லடிப் பக்கத்துப் பெடியன், கையில் பிளேஸ்டேஷன் 4 கொன்ட்ரோலர், ஆட்டம் ரெயின்போ சிக்ஸ் சீஜ். எதிராளியின் முதுகு திரையின் நடுவில் தெரிகிறது. துப்பாக்கி குறிபார்த்தபடி இருக்கிறது. விரல் அசையவில்லை. எதிராளி நடந்து கடந்து போகிறான். அவ்வளவுதான், நேரலை கொதிக்கிறது.

பெயர் சொல்ல வேண்டியதில்லை, தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஆள் தெரியும். சீஜ் ஆட்டத்தைக் கொன்சோலில் ஆடும் நம் நாட்டுப் பெடியன்களில், எப்போது சுடக்கூடாது என்று இவனளவுக்குத் தெரிந்த இன்னொருவனை நான் பார்த்ததில்லை. அவனைப் பயந்தவன் என்பவர்கள் புள்ளிப் பலகையைப் பார்க்கிறார்கள். அவன் கடிகாரத்தைப் பார்க்கிறான்.

ஆட்டத்தின் விதிகளை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஐந்துக்கு ஐந்து, இறந்தால் அந்தச் சுற்றில் திரும்பி வர முடியாது, பெரும்பாலான துப்பாக்கிகளில் தலையில் ஒரு குண்டு போதும். எல்லோரும் மறந்துவிடுவது ஒன்றைத்தான்: ஒரு சுற்றின் மூன்று நிமிடம் யாருடைய சொத்து? 45 விநாடி ஆயத்தம் முடிந்து ஆட்டம் தொடங்கியதும் ஓடுகிற மூன்று நிமிடமும் தாக்குகிறவர்களின் கடன். அவர்கள் அதற்குள் உள்ளே வந்து, குண்டைச் செயலிழக்கச் செய்யும் டிஃபியூசரை நட வேண்டும். நடுவதற்கு 7 விநாடி ஒருவன் அசையாமல் குந்தியிருக்க வேண்டும். நேரம் முடிந்தால் காப்பவர்களுக்கு வெற்றி, ஒரு குண்டும் சுடாவிட்டாலும் வெற்றி. அப்படியிருக்க, காக்கிற பக்கத்தில் நிற்கும் ஒருவன் முதல் நிமிடத்திலேயே ஏன் சண்டைக்கு அவசரப்பட வேண்டும்?

இன்னொரு விஷயம். சீஜில் இறந்தவன் வாயை மூடுவதில்லை. அவன் செத்த பிறகும் ஹெட்செட்டில் தன் ஆட்களோடு கதைக்கலாம், தன் பக்கத்துக் கமராக்களையும் பார்க்கலாம். "படிக்கட்டுக்குப் பக்கத்தில், இடது மூலையில் நிற்கிறான்" என்று அவன் சொன்னால் போதும், மற்ற நால்வருக்கும் உங்கள் இடம் தெரிந்துவிடும். நீங்கள் ஒருவனைக் கொன்றபோது ஒரு புள்ளியைப் பெற்றீர்கள், அதே நொடியில் உங்களிடம் இருந்த மிகப் பெரிய பொருளைக் கொடுத்துவிட்டீர்கள். பின்னால் வருகிற இரண்டாவது ஆள் உங்களைச் சுட்டு ட்ரேட் எடுத்தால் கணக்கு நாலுக்கு நாலு. சமம் போலத் தெரியும். சமம் இல்லை. ஒளிந்திருந்த ஒருவனைக் கொடுத்து வெளிச்சத்தில் நடந்த ஒருவனை வாங்கியிருக்கிறீர்கள்.

கிளப்ஹவுஸ் வரைபடத்தில் அவன் ஆடிய ஒரு சுற்றையே எடுத்துக்கொள்வோம். காக்க வேண்டிய குண்டுகள் கீழ்த்தளத்தில். அணியின் மூவர் கீழே, ஒருவன் சுரங்கப் பக்கம். இவன் மட்டும் குண்டுகளை விட்டு விலகி அலையும் ரோமராக மேலே, ஓர் அறையின் கதவுக்குப் பின்னால். தாக்குகிறவர்களின் முதலாவது வேவு ட்ரோன் வருகிறது. அறையின் வாசலில் நின்று சுழன்று பார்க்கிறது, அவன் நிற்கும் மூலை அதன் கண்ணில் படவில்லை. இங்கேதான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ட்ரோனைச் சுட்டு உடைப்பார்கள். சில புள்ளிகள் கிடைக்கும், நேரலையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் ஒன்றும் காணாத ட்ரோனை உடைப்பது, "நான் இங்கே இருக்கிறேன்" என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். அவன் உடைக்கவில்லை. ட்ரோன் திரும்பிப் போனது. தாக்குகிறவர்கள் அந்த அறையைச் "சுத்தம்" என்று குறித்துக்கொண்டார்கள்.

பிறகு ஒருவன் அந்த வழியால் நடந்தான். இவன் சுடவில்லை. இரண்டாவது ஆளும் கடந்தான். அப்போதும் சுடவில்லை. நேரலையில் வசவு உச்சத்துக்குப் போனது அந்த இடத்தில்தான். அவன் செய்தது என்ன? தன் அணிக்கு மெதுவான குரலில் இரண்டு செய்தி கொடுத்தான்: எத்தனை பேர், எந்தப் பக்கம். கீழே நின்ற மூவரும் தங்கள் துப்பாக்கிகளைத் திருப்பிக்கொண்டார்கள். எதிரணியோ ஐந்தாவது காவலன் எங்கே என்று தேடி, மிச்சமிருந்த ட்ரோன்களையும் விநாடிகளையும் கொட்டியது. கடைசி அரை நிமிடத்தில் அவர்கள் படிக்கட்டில் நெருக்கியடித்து இறங்கினார்கள், ஒருவன் நடுவதற்குக் குந்தினான், மற்றவர்கள் முன்பக்கத்தையே பார்த்தார்கள். அப்போது பின்னால் இருந்து அவன் சுட்டான். அதுதான் அந்தச் சுற்றில் அவன் சுட்ட முதல் குண்டு.

மறுநாள் எல்லோரும் பகிர்ந்த துண்டுக் காணொளி அந்தக் கடைசி எட்டு விநாடிதான். அதற்கு முன்னர் அவன் நின்ற இரண்டரை நிமிடத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள். ஆட்டம் நடந்தது அந்த இரண்டரை நிமிடத்தில்.

வெபர் மைதானம் இருக்கும் நம் மட்டக்களப்பில் இதைப் புரியவைக்க நான் இவ்வளவு பாடுபட வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் வந்து கூடைப்பந்தை வளர்த்த ஊர் இது. 24 விநாடியில் இருபதைப் பந்தைத் தட்டியபடியே கடத்தி, எதிரணியின் காவல் குலைந்த கணத்தில் பந்தைக் கொடுக்கிறவனைப் பார்த்து, "எறியப் பயப்படுகிறான்" என்று நம் ஊரில் எவரும் சொன்னதில்லை. ஒரு நல்ல ஆட்டக்காரன் கிடைத்துவிட்டான் என்றுதான் சொல்வார்கள்.

நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். எட்டிப் பார்க்கிறவனுக்கு உள்ள அனுகூலம். கதவைக் குறிபார்த்து நிற்கிறவனின் திரைக்கு, வெளியே பாய்ந்தவனின் அசைவு தாமதித்தே வந்துசேரும். பாய்ந்தவன் அதற்குள் இவனைக் கண்டுவிடுவான். இணையம் மெதுவானால் அந்த இடைவெளி இன்னும் பெருகும். இங்கிருந்து ஆடுகிறவனுக்குச் சேர்வர் பெரும்பாலும் சிங்கப்பூரில், மட்டக்களப்பில் இருந்து அது வான்வழியில் சுமார் 2,550 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், நேர்கோட்டில் போய் வரவே 25 மில்லிவிநாடி வேண்டும். நமக்கு அந்த நேர்கோடும் கிடையாது. கல்லடிக் கடல் கிழக்கே சிங்கப்பூர்ப் பக்கம் திறந்திருக்கிறது, ஆனால் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கல்கிசை, மாத்தறை போன்ற இடங்களில். நம் பிள்ளையின் ஒவ்வொரு விரலசைவும் முதலில் தீவைக் குறுக்கே கடந்து மறு கரைக்குப் போய், அங்கிருந்து கிழக்கே திரும்புகிறது. கொழும்புப் பெடியன்கள் இந்தத் தூரத்தை ஓடுவதில்லை.

"அப்படியானால் காத்து நிற்பது தற்கொலை, இவனும் பாய வேண்டியதுதானே?" என்கிறார்கள். கதவைக் குறிபார்த்து நிற்கிறவனுக்கு அது சரி. இவன் நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். எதிராளி நேரே வந்து எட்டிப் பார்க்கும் கோட்டில் இவன் நிற்பதே இல்லை. எதிராளி கடந்துபோன பின் அவன் முதுகு தெரியும் இடத்தில் நிற்கிறான். முதுகைக் காட்டுகிறவனுக்கு எட்டிப் பார்க்கும் அனுகூலம் எங்கிருந்து வரும்? மெதுவான இணையத்தோடு ஆட வேண்டியிருப்பவன் நேருக்கு நேர் மோதலைக் குறைத்துக்கொள்கிறான். குறையோடு ஆடுகிறவன் கண்டுபிடித்த விடை இது. கொழும்பின் இழை இணைப்பில் ஆடுகிறவனுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை, அதனால் விடையும் விளங்கவில்லை.

கொன்சோல் என்பதும் இங்கே முக்கியம். கணினியில் மவுஸைப் பிடித்தவன் ஒரு மணிக்கட்டு வெட்டில் பின்னால் திரும்பிவிடுவான். கொன்ட்ரோலரில் பெருவிரலால் குச்சியைத் தள்ளித் திரும்ப வேண்டும். சீஜின் போட்டி ஆட்டத்தில் குறிபார்க்க இயந்திர உதவியும் இல்லை. ஆகவே முதுகுப் பக்கம் நிற்கும் எதிரி, கணினியில் இருப்பதைவிடக் கொன்சோலில் பெரிய ஆபத்து. கள்ள அடாப்டர் மாட்டி மவுஸில் ஆடியவர்களைப் பிடித்து அவர்களின் கையை மெதுவாக்கும் மவுஸ்ட்ராப் ஏற்பாட்டை யுபிசொஃப்ட் 2023இல் கொண்டுவந்தது. அன்றிலிருந்து பெருவிரல் ஆட்டத்தின் மதிப்பு கூடியிருக்கிறது, அதோடு இவனுடைய பாணியின் மதிப்பும் கூடியிருக்கிறது.

பார்க்கிறவர்களின் கண் ஏன் இதைத் தவறவிடுகிறது? தொலைபேசியில் பழகிய கண் அது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை போனபோது, புதிய கொன்சோல் என்பது நம் வீடுகளுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. அந்த வருடம் 13 மணிநேர மின்வெட்டும் வந்தது. தொலைக்காட்சியும் கொன்சோலும் உறங்க, சார்ஜ் இருந்த தொலைபேசியில்தான் ஒரு தலைமுறை சுடப் பழகியது. அந்த ஆட்டங்களில் திரையின் ஓரத்தில் ஓடும் கொலைப் பட்டியல்தான் காட்சி. அதில் குறையில்லை, அது வேறு விளையாட்டு. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீஜைப் பார்ப்பதில்தான் குறை.

இன்னொரு வாசிப்பு இருக்கிறது, அது என்னைக் கோபப்படுத்துகிறது. "சண்டை நடந்த ஊர்ப் பெடியன், ஒளிக்கச் சொல்லிக் கொடுக்க வேணுமா?" புகழ்ச்சி என்று நினைத்துச் சொல்கிறார்கள். கிழக்கில் போர் 2007 ஜூலையில் தொப்பிகலையோடு முடிந்தது, நாடு முழுவதும் 2009 மே மாதத்தில். இன்று பதினேழு, பதினெட்டு வயதில் ஆடுகிறவர்கள் அப்போது தொட்டிலில் கிடந்தவர்கள், அல்லது பிறக்காதவர்கள். அவனுடைய திறமை அவன் இரவிரவாக வரைபடங்களைப் படித்துத் தேடியது. அதைப் பிடுங்கி மண்ணுக்கும் இரத்தத்துக்கும் கொடுப்பது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம். போரில் ஒளிந்தவர்கள் உயிருக்காக ஒளிந்தார்கள். அதை ஒரு விளையாட்டுப் பாணிக்கு முன்னுரையாக வைப்பது அவர்களுக்கும் அவமரியாதை.

போர் இந்த ஆட்டத்தைத் தொட்ட இடம் ஒன்று உண்டுதான், ஆனால் அது வேறு. தொலைக்காட்சியில் வெடிச் சத்தம் கேட்டால் அம்மம்மா எழுந்து கதவைச் சாத்துகிற வீடுகள் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, தொடக்கத்தில் இருந்தே ஹெட்செட்டில் ஆடிப் பழகினார்கள். சீஜில் சத்தம் சுவரை ஊடுருவி வராது, திறந்திருக்கும் வழியைச் சுற்றியே வரும். சுவரில் ஓர் ஓட்டை விழுந்தால் காலடிச் சத்தம் வரும் திசையே மாறிவிடும். அதைப் பிரித்துக் கேட்கிற காது, பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்ததால் கிடைத்த காது.

அவனிடம் குறையே இல்லையா? இருக்கிறது. தாக்குகிற பக்கம் வந்ததும் அதே பொறுமையைக் கொண்டுபோகிறான். அங்கே கடிகாரம் அவனுக்கு எதிரி. கடைசி இருபது விநாடி வரை காத்திருந்து, டிஃபியூசரை எடுக்கவே நேரமில்லாமல் அவன் அணி தோற்ற சுற்றுகளை நானும் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லித் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் திட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் வாயே திறப்பதில்லை.

இனி நடக்கப் போவதைச் சொல்கிறேன். 2025 ஜூனில் சீஜ் எக்ஸ் என்ற பெயரில் ஆட்டம் புதுப்பிக்கப்பட்டு, இலவச நுழைவும் திறந்துவிடப்பட்டது. தொலைபேசியில் வளர்ந்தவர்கள் பழைய பிளேஸ்டேஷன்களை வாங்கிக்கொண்டு கூட்டமாக வருவார்கள். ஓடுவார்கள், சுடுவார்கள். முதல் பருவத்தில் அவர்கள் ஜெயிக்கவும் செய்வார்கள். இரண்டாவது பருவத்தில் ஓடுகிறவர்களை நிற்கிறவர்கள் தின்பார்கள். அதே புதுப்பிப்பு ஒலியையும் மாற்றி அமைத்திருக்கிறது. கேட்டு ஆடுகிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

ஹெல் லெட் லூஸ் போன்ற ஐம்பதுக்கு ஐம்பது ஆட்டங்களிலும், திரையில் குண்டுக் கணக்குக் காட்டாத இன்சர்ஜென்சி சாண்ட்ஸ்டார்மிலும் நம் கிழக்குப் பெடியன்களின் பெயர் இதே காரணத்துக்காக வெளியே வரும் என்று எதிர்பார்க்கிறேன். ஆசிய விளையாட்டுப் பக்கம் மட்டும் கனவு வேண்டாம். ஹாங்சோவில் 2023இல் நடந்தபோது, கைத்தொலைபேசிச் சுடும் ஆட்டத்தையே மாற்றி, ஆளைச் சுடாமல் இலக்குப் பலகைகளைச் சுடும் பந்தயமாக்கினார்கள். ஆளில்லாத இடத்தில் சுடாமல் விடுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த மேடை இவனுக்கு உரியதல்ல.

இவன் மேடை கொழும்பில் நடக்கும் கொன்சோல் இறுதி ஆட்டங்கள். அடுத்த ஆண்டுக்குள் ஒரு பெரிய அணி இவனைக் கேட்டு வரும். வரும்போது அவர்கள் பார்க்கப் போவது புள்ளிப் பலகையை அல்ல, முழுச் சுற்றுகளின் பதிவுகளை. ஆகவே இவன் ஆட்டங்களைப் பதிவுசெய்து வைத்திருக்கும் மட்டக்களப்பு நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: எட்டு விநாடித் துண்டுகளைப் பகிர்வதை நிறுத்துங்கள். மூன்று நிமிடத்தையும் வெட்டாமல் போடுங்கள்.