மிண்ட் மேசையில் ஹேடீஸ்

லினக்ஸ் மிண்ட் போட்ட கணினியில் முதலில் மனதுக்குப் பிடிப்பது அதன் அடக்கம். புதுப்பிப்பு வந்தால் கீழ்ப்பட்டையின் ஓரத்தில் சின்னக் கேடயம் ஒன்று தெரியும், அவ்வளவுதான். நேரம் கிடைக்கும்போது சொடுக்கிக்கொள்ளலாம். அதையே டெர்மினலில் செய்தால் வரிகள் சரசரவென ஓடும். எது வருகிறது, எது போகிறது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொண்டே போகும். பார்க்கவே சுகம்.

அடக்கத்தோடு கைத்திறனையும் ரசிக்க, ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைப் பார்க்க வேண்டும். விண்டோஸுக்கென எழுதிய ஹேடீஸ் ஆட்டம் கேட்பதையெல்லாம் புரோட்டானுக்குள் இருக்கும் வைன் லினக்ஸிடம் வாங்கித் தருகிறது. பல ஆட்டங்கள் படம் வரைய விடுக்கும் டைரக்ட்3டி அழைப்புகளை, அதிலுள்ள டிஎக்ஸ்விகே நொடிக்கு நொடி வல்கன் அழைப்புகளாக மாற்றுகிறது. ஏமாற்றுத் தடுப்பு வைத்த சில இணைய ஆட்டங்கள் இன்னும் திறப்பதில்லை. திறப்பவை பலவற்றில் வாள்வீச்சும் ஒலியும் பிசிறின்றி ஒத்துப்போகின்றன. ஆண்டுக்கணக்கில் பிழை பிழையாகத் திருத்தியவர்களின் பொறுமைக்கு மனமார்ந்த நன்றி.