மழைக்காட்டில் மாறாத குறி: லியூபோல்ட் வி.எக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40

ரைபிளின் மேல் பொருத்தப்படும் தொலைநோக்கியை மதிப்பிடுவோர் வில்லையின் தெளிவையும் உருப்பெருக்கத்தையும் முதலில் பேசுவது வழக்கம் என்றாலும், மான் வேட்டையைப் பொறுத்தவரை அக்கருவியின் முதற்கடமை, ஒருமுறை அமைத்த குறிநிலையை வேட்டைப் பருவம் முடியும்வரை பிசகாமல் காத்து நிற்பதே ஆகும். வேட்டையாடுவோர் 'ஜீரோ' என்று வழங்கும் இக்குறிநிலை, குறித்த ஒரு தொலைவில் தோட்டா சென்று படும் புள்ளியும் தொலைநோக்கியின் குறுக்கிழைகள் சந்திக்கும் புள்ளியும் ஒன்றாக அமைந்த நிலையைக் குறிக்கும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், பீவர்ட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட லியூபோல்ட் நிறுவனத்தின் வி.எக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40 மாதிரி, அம்மாநிலத்தின் மேற்குக் காடுகளில் கருவால் மான் தேடுவோருக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இந்த அளவுகோலைக் கொண்டே ஆராய வேண்டும்.

பிசகின் விளைவை எண்களில் பார்த்தால்தான் அதன் கொடுமை விளங்கும். ஒரு பாகையை 60 கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு 'கலை' எனப்படும்; அது 100 மீட்டர் தொலைவில் 2.9 செ.மீ. ஆகவும் 200 மீட்டரில் 5.8 செ.மீ. ஆகவும் விரிகிறது. மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியை ஏறத்தாழ 20 செ.மீ. குறுக்களவுள்ள வட்டமாகக் கொள்வது வழக்கம். அதன் நடுவில் மிகச் சரியாகக் குறிவைத்தாலும் விளிம்புவரை 10 செ.மீ. இடமே உண்டு. ஆகவே, இரண்டே கலை பிசகிய தொலைநோக்கி 200 மீட்டரில் தோட்டாவை 11 செ.மீ.க்கு மேல் விலக்கி, நொடியில் சாய்க்க வேண்டிய அடியைக் குடலிலோ காலிலோ பாய்ச்சிவிடக்கூடும். அப்படி அடிபட்ட விலங்கு புதருக்குள் ஓடி மறைந்து மணிக்கணக்கில் வதைபடும். வேட்டையை ஏற்போரும் மறுப்போரும் ஒருங்கே வெறுக்கும் முடிவு இது. கருவியின் நம்பகத்தை விலைக்கேற்ற பொருளா என்ற கேள்வியோடு நிறுத்திவிட முடியாததற்குக் காரணமும் இதுவே.

வெளியே ஒரே குழாயாகத் தெரியும் இக்கருவியின் உள்ளே, தலைகீழாக விழும் பிம்பத்தை நேராக்கும் வில்லைகளைத் தாங்கிய மற்றொரு சிறு குழாய் இருக்கிறது. அதன் ஒரு முனை கீல்போல் அசையுமாறு பொருத்தப்பட்டிருக்க, மறுமுனையை மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு திருகுகள் அழுத்த, எதிர்ப்புறத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் அதைத் திருகுகளோடு ஒட்டிப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ரைபிள் பின்னுக்கு உதைக்க, அந்தச் சிறு குழாய் அதிர்ந்து பழைய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அது மயிரிழை தள்ளி நிற்கும், குறிநிலையும் அதனோடு போய்விடும். சில தொலைநோக்கிகளில் திருகைத் திருப்பிய உடனே குறி நகராமல், இரண்டு மூன்று முறை சுட்ட பிறகே நகர்வதும், அதற்காக அனுபவசாலிகள் திருகின் தலையை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டிவிடுவதும் இந்த ஸ்பிரிங்கின் சோர்வாலேயே.

வி.எக்ஸ்-ஃப்ரீடமின் திருகுகளுக்கு மூடி உண்டு. மூடியைக் கழற்றி விரலாலேயே திருப்பினால் ஒவ்வொரு 'கிளிக்'கும் கால் கலை, அதாவது 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மி.மீ., குறியை நகர்த்துகிறது. இதைச் சரிபார்க்கச் 'சதுரச் சோதனை' என்றொரு முறை உண்டு: தாளின் நடுவில் சுட்டுவிட்டு, வலப்புறம் 20, மேலே 20, இடப்புறம் 20, கீழே 20 எனக் கிளிக்குகளைத் திருப்பி ஒவ்வொரு மூலையிலும் குறியை மாற்றாமல் சுட்டால், 14.5 செ.மீ. பக்கமுள்ள சதுரம் உருவாகிக் கடைசித் தோட்டா முதல் துளைக்கே திரும்ப வேண்டும். வாங்கிய கருவி எதுவாயினும் இச்சோதனையைச் செய்யாமல் காட்டுக்குக் கொண்டு செல்லுதல் தகாது. லியூபோல்ட் தன் வடிவமைப்புகளை 'பனிஷர்' என்னும் இயந்திரத்தில் 5,000 முறை அடித்துச் சோதிப்பதாகக் கூறுவது மதிக்கத்தக்கதே. எனினும், பின்னுதைப்பைப் போன்று நீளவாக்கில் தாங்கும் அடி வேறு, ஈரப் பாறையில் வழுக்கி விழுபவரின் தோளிலிருந்து ரைபிள் பக்கவாட்டில் மோதும் அடி வேறு.

மேற்கு ஒரிகனில் வேட்டைப் பருவமும் மழையும் சேர்ந்தே வருவதால், உள்ளே ஈரம் புகாமை அங்கு இரண்டாம் நிலைப் பண்பாக இருக்க முடியாது. பனிமூட்டம் படிந்த தொலைநோக்கியால் ஒரு மானைத் தவறவிட்ட மார்கஸ் லியூபோல்ட், தாமே நல்லதொன்றைச் செய்யத் துணிந்ததன் விளைவே 1947-இல் வந்த முதல் மாதிரியான 'பிளெய்ன்ஸ்மேன்' என்று அந்நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்கிறது. குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, ஈரமற்ற நைட்ரஜன் போன்ற வாயுவை நிரப்பி, இணைப்புகளில் ரப்பர் வளையங்களால் அடைப்பதே இதற்குரிய தீர்வாக நிலைத்தது. ஆனால் வாயு நிரப்புதல் உள்வில்லையை மட்டுமே காக்கும். குளிரில் நிற்பவரின் மூச்சுப் பட்டுக் கண்ணருகு வில்லையில் படியும் ஆவிக்கு அது மருந்தாகாது. குளிர்ந்த ரைபிளைச் சூடான அறைக்குள் திடீரெனக் கொண்டுவந்தால் வெளிப்பரப்பு முழுவதும் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால், அதை உறையோடு விட்டு மெல்ல வெதுவெதுப்பேற விடுவதே நலம்.

ஒரிகனில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்வரை மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. மான் நடமாட்டமும் அந்த மங்கிய வேளைகளிலேயே மிகுதி. முகப்பு வில்லையின் குறுக்களவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்: 9 மடங்கில் 4.4 மி.மீ., 6 மடங்கில் 6.7 மி.மீ. இருளில் விரியும் இளங்கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மி.மீ. ஆதலால், அந்தி வேளையில் உருப்பெருக்கத்தைக் குறைப்பவருக்கே காட்சி கூடுதலாகத் துலங்கும். நிறுவனம் 1962-இல் அறிமுகப்படுத்திய 'டூப்ளெக்ஸ்' குறுக்கிழை, ஓரங்களில் தடித்து நடுவில் மெலிவதால், டக்ளஸ் ஃபிர் மரங்களின் நிழலிலும் கண்ணை நடுவுக்கு இழுத்துச் செல்கிறது. ஏறத்தாழ 350 கிராம் எடையே உள்ளதால் நாள் முழுதும் மலையேறும் தோளுக்கும் இது சுமையாவதில்லை. நெடுந்தொலைவுக்குத் திருகைத் திருப்பித் திருப்பிச் சுடுவோருக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க இயலாது. மூடிய திருகும் மாற்ற முடியாத இடமாறு தோற்றப்பிழை அமைப்பும் அப்பணிக்கு உரியவை அல்ல. அடர்காட்டிலோ அவற்றின் எளிமையே பலம்: கைதவறித் திரும்ப எதுவும் வெளியே இல்லை.

தொலைநோக்கியின் மேல் சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி, அதைப் பிடித்திருக்கும் வளையங்களுக்கும் அவற்றின் அடித்தளத்துக்கும் உரியது. திருகுகளைக் கைப்பலத்தால் இறுக்குவோர் ஒன்று தளர விடுவர், அல்லது குழாயை நசுக்கி உள்ளிருக்கும் சிறு குழாயின் அசைவையே கெடுப்பர். வளையம் செய்தவர் குறிப்பிடும் அளவுக்கு, பொதுவாக 2 நியூட்டன் மீட்டர் அளவில், முறுக்குவிசை காட்டும் ஸ்க்ரூடிரைவரால் இறுக்குவதே முறை. இறுக்கிய பின் வளையத்தின் விளிம்பும் குழாயும் சேருமிடத்தில் நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இட்டுவைத்தால், பின்னுதைப்பில் குழாய் நழுவிய அன்றே கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். கோடு பிரியாமலிருந்தும் ரைபிள் ஒருமுறை கீழே விழுந்திருந்தால், அன்றைய வேட்டையை அங்கேயே நிறுத்தி, தாளில் மூன்று தோட்டாக்களைச் சுட்டுக் குறிநிலையை உறுதிசெய்த பிறகே மானைத் தேடி மீண்டும் புறப்பட வேண்டும்.